பல்லாவரம் முதல் வல்லம் வரை

ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டினால் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்துதான் போக வேண்டும். காருக்குப் பேர்போன இந்தப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், ட்ரோன்களைச் சோதிக்க ஒரு பொது மையம் திட்டமிடப்பட்டது. 2.3 ஏக்கர், 45 கோடி ரூபாய். கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் தலைமையிலான கூட்டமைப்பு 2023-இல் இதற்குத் தேர்வானது. அந்தச் செய்தியைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தவர் ஒரு ஹோட்டல்காரர்.

சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்செலிஸ். 1909-இல் பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். மறுவருடமே டி'ஏஞ்செலிஸ் சொந்தமாக ஒரு விமானத்தை வரைந்து, சிம்ப்சன் கம்பெனியிடம் செய்யக் கொடுத்தார். சிம்ப்சன் அன்று குதிரை வண்டி கட்டுவதில் கைதேர்ந்த இடம். மரத்தை இலேசாகவும் உறுதியாகவும் இழைக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். 1910-இல் விமானம் பறந்தது. ஆனால் எடுத்த எடுப்பில் தீவுத்திடலுக்குக் கொண்டுபோகவில்லை. முதலில் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். அதன் பிறகே ஊர் கூட்டிக் காட்டினார்.

அந்தப் பல்லாவரத்து ஓட்டம்தான் என்னை இழுக்கிறது. இறக்கை தாங்குமா என்பதைத் தெரிந்துகொள்ள அவரே ஏறி உட்கார்ந்தால்தான் உண்டு. விடை தப்பினால் போவது உயிர்.

ரைட் சகோதரர்கள் வேறு வழி கண்டிருந்தார்கள். 1901-இல் அவர்களுடைய கிளைடர் கணக்குப்படி எழும்பவில்லை. ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, ஒரு முனையில் விசிறி வைத்துக் காற்றை ஓடவிட்டார்கள். உள்ளே ரம்பத் தகட்டிலும் சைக்கிள் கம்பியிலும் செய்த தராசு. உள்ளங்கையில் அடங்கும் இறக்கைகளை, ஏறத்தாழ 200 வடிவங்களில், ஒவ்வொன்றாக மாட்டி அளந்தார்கள். அந்தத் தராசு சொன்ன எண்களை நம்பித்தான் 1903-இல் பறந்தார்கள்.

 

இன்று ட்ரோனில் ஆள் கிடையாது. ஆனால் கீழே ஆட்கள் இருக்கிறார்கள்: வயலில், தெருவில், பள்ளி மைதானத்தில். அதனால்தான் பறக்கும் முன்பே அதைக் குலுக்கி, சூடேற்றி, குளிர வைத்து, உப்புப் பனியில் நனைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடலோர ஊரில் உப்புக் காற்று சர்க்யூட் போர்டை மெல்ல அரித்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. பெரிய கம்பெனிகள் இதற்கெல்லாம் சொந்தமாகச் சோதனைக்கூடம் கட்டிக்கொள்ளும். நாலைந்து பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவேதான் பொதுச் சோதனைக்கூடம் இந்தப் பட்டறைகளின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்கிறேன்.

ஒரகடத்துச் சந்து ஒன்றில் அப்படி ஒரு பட்டறை. சி.என்.சி. மெஷினிலிருந்து எடுத்த, ட்ரோனுக்கான அலுமினியக் கை ஒன்றை ஒரு இளைஞர் துணியால் துடைத்தார். மைக்ரோமீட்டரை வைத்தார், படித்தார். திருப்பி வைத்து மறுபடி படித்தார். நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தார்.