கொத்தமல்லிக்குக் கைராசி வேண்டாம்

"எத்தனை தடவை தூவினாலும் கொத்தமல்லி வரவே மாட்டேங்குது. எனக்குக் கைராசி இல்லை." மாடித்தோட்டக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் புலம்பல் தவறாமல் வந்துவிடும். கத்தரியும் வெண்டையும் காய்த்துத் தள்ளும் அதே மாடியில் கொத்தமல்லி மட்டும் ஏமாற்றுகிறது. கையில் குறை இல்லை. அந்த விதையின் சுபாவம் நமக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

நாம் தனியா என்று வாங்கும் உருண்டை உண்மையில் காய்ந்த கனி. கெட்டியான தோலுக்குள் இரண்டு விதைகள் ஒட்டிக்கிடக்கின்றன. அப்படியே மண்ணில் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்கவே நாளாகும். துணியில் பரப்பி, மேலே சப்பாத்திக் கட்டையை லேசாக உருட்டுங்கள். உருண்டை இரண்டாகப் பிரிந்தால் போதும், உள்ளே இருக்கும் பருப்பு நொறுங்கிவிடக் கூடாது. பிறகு ஒரு இரவு தண்ணீரில் ஊறட்டும். தூத்துக்குடி, விருதுநகர் கரிசல் காட்டில் மானாவாரி மல்லி போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் விதையை உடைத்து, ஊறவைத்து விதைக்கவே சொல்கிறது. மளிகைக்கடைத் தனியாவே போதும், பழசாக இல்லாமல் இருந்தால் சரி.

அடுத்தது பட்டம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை எல்லாவற்றுக்கும் பொருத்திவிடுகிறோம். கொத்தமல்லிக்கு அது ஆகாது. வெயில் ஏறினால் இலை விடுவதை நிறுத்திப் பூவுக்குத் தாவிவிடும் செடி இது. ஐப்பசி முதல் தை வரைதான் இதற்கு ராஜயோகம். சித்திரையில் விதைத்துவிட்டு வருத்தப்படுவதில் அர்த்தமே இல்லை.

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து, அரை அடி ஆழமுள்ள தொட்டியில் நிரப்புங்கள். அகலம்தான் முக்கியம், பழைய பிளாஸ்டிக் டப்பில் அடியில் துளை போட்டாலும் போதும். அரை அங்குல ஆழத்தில் விதைத்து, பூவாளியால் தெளியுங்கள். குழாயைத் திறந்துவிட்டால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். முளைக்க ஏழு நாளிலிருந்து பதினைந்து நாள் வரை ஆகும். பலர் ஐந்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்க்கிறார்கள். பாதிப் பயிர் அங்கேயே போய்விடுகிறது. ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நடுவதும் ஒத்துக்கொள்ளாது. நெருக்கமாக முளைத்தவற்றைக் களைந்து ரசத்தில் போட்டுவிடுங்கள்.

பொறுமை இல்லாதவர்கள் வெந்தயத்தில் தொடங்கலாம். இரண்டு மூன்று நாளில் முளைவிட்டு, மூன்று நான்கு வாரத்தில் கூட்டுக்குக் கீரை கிடைத்துவிடும். ஊறவைக்கும் விஷயத்தில் திருநீற்றுப்பச்சிலை கொத்தமல்லிக்கு நேர் எதிர். சர்பத்தில் போடும் சப்ஜா அதன் விதைதான். நனைந்ததும் வழவழவென்று கூழாகிவிடும் என்பதால் ஊறவைக்கவே கூடாது. ஈர மண்ணின் மேல் தூவி விரலால் அழுத்தினால் போதும், ஆழப் புதைத்தால் வராது. பூஜைக்கும் மாலைக்கும் மட்டும் இதை ஒதுக்கி வைத்திருப்பது நியாயமில்லை என்பது என் கட்சி. தக்காளித் துவையலில் நாலு இலை கிள்ளிப் போட்டுப் பாருங்கள்.

கறிவேப்பிலை விதை காத்திருக்காது. கறுத்துப் பழுத்த பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, மூன்று நான்கு நாளுக்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும். காயவைத்துப் பொட்டலம் கட்டி வைத்தால் உயிர் போய்விடும். முளைக்க மூன்று வாரம், நடும் அளவுக்கு வளர ஒரு வருடம். புதினாவுக்கு இந்தப் பாடே வேண்டாம். கடையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டை ஊன்றினால் வேர்விடும்.

மாசி வெயிலில் கொத்தமல்லி பூத்துவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கி எறியாதீர்கள். நான்கைந்து செடிகளை விட்டுவைத்து, காய் பழுப்பேறியதும் அறுத்து நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் போட்டு வையுங்கள். அடுத்த ஐப்பசிக்கு விதை வாங்க வேண்டியதில்லை.