தண்டனை ஓட்டங்கள் (துடுப்பாட்டம்)

துடுப்பாட்டத்தில் (கிரிக்கெட்) ஓர் அணி குறிப்பிட்ட சில விதிகளை மீறும்போது நடுவர்கள் எதிரணிக்கு வழங்கும் 5 ஓட்டங்கள் தண்டனை ஓட்டங்கள் எனப்படும். இவை எந்தத் துடுப்பாட்டக்காரரின் கணக்கிலும் சேர்க்கப்படுவதில்லை. பந்துவீச்சாளர் கொடுத்த ஓட்டங்களாகவும் எழுதப்படுவதில்லை. அணியின் உதிரிகளில் ஒரு தனி வகையாகப் பதிவு செய்யப்படுகின்றன. மேரிலபோன் துடுப்பாட்டக் கழகத்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, நேர்மையற்ற ஆட்டத்திற்கான தண்டனையாக இம்முறையை விரிவுபடுத்தியது.

தண்டனையின் அளவு எப்போதும் 5 ஓட்டங்களே. ஆனால் அவை எந்த ஆட்டப்பகுதியின் (இன்னிங்சு) கணக்கில் சேரும் என்பது தவறு செய்த அணியைப் பொறுத்து மாறும். இவ்விதி பலருக்குக் குழப்பமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

எந்தக் கணக்கில் சேரும்?

களத்தடுப்பு அணி தவறு செய்தால், ஆடிக்கொண்டிருக்கும் அணியின் அப்போதைய ஓட்ட எண்ணிக்கையுடன் 5 ஓட்டங்கள் சேர்க்கப்படும். நடுவர் ஒரு கையால் எதிர்ப்பக்கத் தோளைப் பலமுறை தட்டி இதனை அறிவிப்பார்.

துடுப்பாடும் அணி தவறு செய்தால், களத்தடுப்பு அணி கடைசியாக முடித்த ஆட்டப்பகுதியின் கணக்கில் 5 ஓட்டங்கள் சேரும். அவ்வணி இன்னும் ஓர் ஆட்டப்பகுதியையும் முடித்திருக்கவில்லை எனில், அதன் அடுத்த ஆட்டப்பகுதியில் சேரும். அப்போது நடுவர் எதிர்ப்பக்கத் தோளின் மீது கையைத் தட்டாமல் வைத்துக் காட்டுவார்.

தண்டனையை அடுத்த தொடக்கத்திற்குக் கொண்டு செல்லும் வழக்கம் பிற விளையாட்டுகளிலும் உண்டு. அமெரிக்கக் காற்பந்தில் ஓர் அணி புள்ளி ஈட்டும்போது நிகழும் சில தவறுகளுக்கான தண்டனை, அதனை அடுத்து வரும் தொடக்க உதையின்போது செயற்படுத்தப்படுகிறது.

முதல் பந்துக்கு முன்பே 5 ஓட்டங்கள்

2024 பெப்ரவரியில் ராஜ்கோட்டில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய தேர்வுப் போட்டி (டெஸ்ட்) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆடுகளத்தின் நடுப்பகுதி பாதுகாக்கப்பட்ட பகுதி ஆகும். இது இரு முனைகளிலும் கிரீஸ் கோட்டிலிருந்து 1.52 மீட்டர் தள்பித் தொடங்குகிறது. நடு ஸ்டம்புகளை இணைக்கும் கற்பனைக் கோட்டின் இருபுறமும் 30.48 செ.மீ. வரை பரவியுள்ளது. அங்கு ஓடினால் காலணி முட்களால் ஆடுகளம் சேதமுற்று, பின்னர் ஆடும் அணிக்குப் பந்தை எதிர்கொள்வது கடினமாகும்.

இதற்கான எச்சரிக்கை தனி ஆட்டக்காரருக்கு அன்றி, அந்த ஆட்டப்பகுதி முழுமைக்கும் அணிக்கே உரியது. ராஜ்கோட்டில் முதல் நாள் ரவீந்திர ஜடேஜா அவ்வாறு ஓடியதற்காக இந்திய அணி எச்சரிக்கப்பட்டது. இரண்டாம் நாள் சென்னையைச் சேர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வின் ஓட்டம் எடுக்க முயன்று அதே பகுதியில் ஓடியபோது, நடுவர் ஜோயல் வில்சன் தண்டனை விதித்தார். அஸ்வினுக்கு அது முதல் தவறாக இருந்தபோதும் அணிக்கு இரண்டாவது தவறாகும்.

இங்கிலாந்து அதுவரை துடுப்பாடவில்லை. ஆகவே அதன் ஆட்டப்பகுதி, ஒரு பந்தும் வீசப்படும் முன்பே, விக்கெட் இழப்பின்றி 5 ஓட்டங்கள் என்ற நிலையில் தொடங்கியது. அதே நாளில் அஸ்வின் தனது 500ஆவது தேர்வு விக்கெட்டை வீழ்த்தினார். போட்டியில் இந்தியா 434 ஓட்டங்களால் வென்றது.

களத்தடுப்பு அணியின் தவறுகள்

* ஆட்டத்திலுள்ள பந்து, இலக்குக் காப்பாளருக்குப் பின்னால் தரையில் வைக்கப்பட்ட தலைக்கவசத்தில் படுதல்.
* இலக்குக் காப்பாளர் அல்லாத ஒருவர் கையுறை அணிதல். 2022 சூனில் முல்தானில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகப் பாக்கித்தான் அணித்தலைவர் பாபர் அசாம் இதற்காகத் தண்டிக்கப்பட்டார்.
* கையில் பந்து இல்லாமலே எறிவதுபோல் நடித்துத் துடுப்பாட்டக்காரரை ஏமாற்றுதல். இது 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஆத்திரேலிய உள்நாட்டுப் போட்டியொன்றில் மார்னசு லபுசேன் இதன்படி தண்டிக்கப்பட்டார்.
* பன்னாட்டு ஒருநாள், இருபது20 போட்டிகளில், ஓர் ஓவர் முடிந்த 60 நொடிகளுக்குள் அடுத்த ஓவரைத் தொடங்க ஆயத்தமாகாதிருத்தல். இரு எச்சரிக்கைகளுக்குப் பின் தண்டனை வழங்கப்படும். 2024 சூன் 12 அன்று நியூயார்க்கில் நடந்த உலகக்கிண்ணப் போட்டியில் ஐக்கிய அமெரிக்கா இவ்வாறு தண்டிக்கப்பட்டது. 30 பந்துகளில் 35 ஓட்டங்கள் தேவைப்பட்ட இந்தியாவுக்கு, 30 பந்துகளில் 30 ஓட்டங்கள் போதும் என்றானது.

முடிவை மாற்றும் நிலைகள்

முதலில் ஆடிய அணி 179 ஓட்டங்கள் எடுத்துள்ளது எனக் கொள்வோம். இலக்கு 180. இரண்டாவது அணி 177 ஓட்டங்களில் நிற்கிறது. வெற்றிக்கு 3 ஓட்டங்கள் தேவை.

இந்நிலையில் பந்து களத்தடுப்பு அணியின் தலைக்கவசத்தில் பட்டால் எண்ணிக்கை 182 ஆகி, ஆட்டம் அங்கேயே முடிவடையும். மாறாக, ஏற்கனவே எச்சரிக்கப்பட்ட துடுப்பாட்ட அணி பாதுகாக்கப்பட்ட பகுதியில் ஓடினால், அப்பந்தில் ஓடிய ஓட்டங்கள் நீக்கப்படும். முதல் அணியின் எண்ணிக்கை 184 ஆக உயர்ந்து, இலக்கு 185 ஆகும். அதாவது 3 ஓட்டங்களின் தேவை 8 ஆகிவிடும்.

அரிதான மற்றொரு நிலையும் சட்டத்தில் உண்டு. கடைசியாக ஆடிய அணி இலக்கை எட்டாமல் ஆட்டப்பகுதியை முடித்து, அதன் பின் சேர்க்கப்படும் 5 ஓட்டங்களால் முந்தினால், அது "தண்டனை ஓட்டங்களால் வெற்றி" எனப் பதிவு செய்யப்படும்.

ஓவல், 2006

இத்தண்டனை ஓட்டக் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. ஓர் அணியின் நேர்மை மீதான தீர்ப்பாகவும் கொள்ளப்படுகிறது. 2006 ஆகத்து 20 அன்று இலண்டன் ஓவல் திடலில், பந்தின் நிலையைப் பாக்கித்தான் மாற்றியது எனக் கருதிய நடுவர்கள் டாரல் ஹேர், பில்லி டாக்ட்ரோவ் ஆகியோர் இங்கிலாந்துக்கு 5 ஓட்டங்கள் வழங்கினர். தேநீர் இடைவேளைக்குப் பின் பாக்கித்தான் உரிய நேரத்தில் களமிறங்க மறுத்ததால், ஆட்டத்தைக் கைவிட்டதாக அறிவிக்கப்பட்டு இங்கிலாந்துக்கு வெற்றி அளிக்கப்பட்டது. தேர்வுத் துடுப்பாட்ட வரலாற்றில் இவ்வாறு முடிந்த முதல் போட்டி இதுவாகும்.

பின்னர் நடந்த விசாரணையில் அணித்தலைவர் இன்சமாம்-உல்-ஹக் மீதான பந்தைச் சேதப்படுத்திய குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை; ஆட்டத்துக்கு இழுக்கு ஏற்படுத்தியதற்காக மட்டும் அவருக்கு நான்கு ஒருநாள் போட்டிகளில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. 2008இல் போட்டி முடிவு வெற்றிதோல்வியின்மை என மாற்றப்பட்டு, 2009இல் மீண்டும் இங்கிலாந்தின் வெற்றியாகவே நிலைநிறுத்தப்பட்டது.