முதியோர் இல்லத்துக்கே ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் வருவாரா? கோவையில் பெற்றோர் இருந்தா இதைத் தெரிஞ்சுக்கோங்க

வடவள்ளி, பேரூர், துடியலூர் பக்கம் முதியோர் இல்லங்களும் ஓய்வுக்காலக் குடியிருப்புகளும் நிறைய. மகன் அமெரிக்காவில், மகள் பெங்களூருவில், 82 வயது அப்பா இங்கே என்ற குடும்பங்கள் கோவையில் சகஜம்.

பிபி, சுகர் பார்க்க இல்லத்திலேயே நர்ஸ் இருப்பார். நரம்பு டாக்டரைப் பார்க்கணும்னா? வீல்சேர், வண்டி, துணைக்கு ஒரு ஆள், அவிநாசி ரோடு டிராஃபிக், அப்புறம் காத்திருப்பு. "அடுத்த மாசம் பாத்துக்கலாங்க" என்று அப்பாவே சொல்லிவிடுவார். நோய் முற்றுவது பெரும்பாலும் இந்த 'அடுத்த மாச'த்தில்தான்.

ரூ.5 லட்சம் கார்டு இருக்கே?

70 வயது நிறைந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் காப்பீடு 2024 அக்டோபர் 29-ல் விரிவுபடுத்தப்பட்டது. வருமான வரம்பு கிடையாது. ஆனால் அது மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான் கைகொடுக்கும். இல்லத்துக்கு வரும் டாக்டரின் ஃபீஸுக்கு உதவாது. பலரும் கோட்டை விடும் இடம் இது.

அரசு தேடி வராதா?

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை, பிசியோதெரபி, வலி தணிக்கும் சிகிச்சை ஆகியவை வீட்டுக்கே வரும். ஸ்பெஷலிஸ்ட் வருகை அதன் மையமல்ல. இல்லத்தில் இருப்பவர்களுக்குக் கிடைக்குமா என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.

அப்போ வீடியோ கால்தானா?

இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்துவருவது அதுதான். மத்திய அரசின் இ-சஞ்சீவனி இலவசம். இருக்கும் இடத்திலிருந்தே டாக்டரிடம் பேசலாம். சுகாதார நிலைய டாக்டர் வழியாக ஸ்பெஷலிஸ்ட்டிடம் ஆலோசனை பெறும் வசதியும் அதில் உண்டு. 2020 மார்ச்சில் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதல்படி, நோயாளியின் அனுமதியோடு பராமரிப்பாளரும் டாக்டரிடம் பேசலாம். மகன் நள்ளிரவில் அமெரிக்காவில் கண் விழிக்க வேண்டியதில்லை, நர்ஸ் பேசினால் போதும்.

எல்லாம் போனில் முடியாது. சில தூக்க மாத்திரைகள் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் வருவதால் வீடியோவில் எழுதித் தர மாட்டார்கள். காலில் புண், மூச்சுத் திணறல் என்றால் நேரில்தான் போகணும். கண் பரிசோதனையில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கு. அரவிந்த் கண் மருத்துவமனையின் சிற்றூர் பார்வை மையங்களில் பணியாளர் பரிசோதிக்க, டாக்டர் தொலைவிலிருந்தே பார்த்துச் சொல்கிறார். இது முதியோர் இல்லங்களுக்கும் பொருந்தும்.

கால் போடும் முன்

ஒரே தாளில் எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம் எழுதி வையுங்க. மூணு டாக்டர் எழுதிய மருந்தில் ஒரே மாத்திரை வேறு வேறு பெயரில் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

நேரில் போக நேர்ந்தால், அரசு மருத்துவமனையில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என 2007-ம் ஆண்டுச் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. கூச்சப்படாமல் கேளுங்க. முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.