கோடாக்ரோமில் ஓடிய கங்கை

1967, பிகாரின் முங்கேர். பெருமழையில் மாட்டிக்கொண்ட நான்கு பெண்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். சுற்றிலும் மழைமூட்டம். நனைந்து உடலோடு ஒட்டிய சேலைகளில்தான் நிறமெல்லாம். இருபதுகளில் இருந்த ரகுபீர் சிங் எடுத்த இந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் மழை மிஞ்சும், பெண்கள் மிஞ்சுவார்கள். அந்த வெதுவெதுப்பு போய்விடும்.

ஜெய்ப்பூரில் 1942-ல் பிறந்த சிங், தேயிலைத் தொழிலில் வேலை தேடிக் கல்கத்தா போனார். வேலை கிடைக்கவில்லை, கேமராவை எடுத்தார். சிறுவயதில் வீட்டில் புரட்டிய, புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனின் ஜெய்ப்பூர் படப் புத்தகம்தான் முதல் பாடம். 1966-ல் அந்தப் பிரெஞ்சு மேதையே ஜெய்ப்பூர் வந்தபோது, அவர் படமெடுப்பதை நேரிலேயே கவனித்தார்.

ஆனால் ப்ரெஸ்ஸோனின் உலகம் கறுப்பு வெள்ளை. வண்ணம் விளம்பரத்துக்கு, கறுப்பு வெள்ளையே கலைக்கு என்று மேற்கில் பலர் நம்பிய காலம் அது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1976-ல் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் புகைப்படங்களை மாட்டியபோது விமர்சகர்கள் கொதித்தார்கள். அதற்கு 2 வருடம் முன்பே கங்கை பற்றிய சிங்கின் வண்ணப்பட நூல் வந்துவிட்டது.

அவர் முகலாய, ராஜஸ்தானிய சிற்றோவியங்களைச் சாட்சிக்கு அழைத்தார். காலனி ஆட்சிக்கு முந்தைய இந்தியக் கலைஞன் உலகைக் கறுப்பு வெள்ளையில் கண்டதே இல்லை என்பது அவர் வாதம். அந்த ஓவியங்களில் மாடத்தில் ஒரு கதை, முற்றத்தில் ஒரு கதை என எல்லாம் ஒரே தாளில் நடக்கும். 1991-ல் ஹவுரா நடைபாதைக் கண்ணாடிக் கடையில் அவர் எடுத்த படமும் அப்படித்தான்: தொங்கும் ஒவ்வொரு கண்ணாடியிலும் தெருவின் ஒரு துண்டு.

அவர் நம்பிய கோடாக்ரோம் வண்ணப் பிலிம் லேசில் வசப்படாதது. படத்தின் வண்ணச்சாயங்கள் அந்தப் பிலிமில் இருக்காது. கழுவும்போதுதான் அடுக்கடுக்காக உருவாக வேண்டியிருந்தது. தேர்ந்த லேபுகளால் மட்டுமே அது முடிந்தது. ஒளியுணர்வும் குறைவு. நிழல் விழுந்த சந்தில், நகர்ந்துகொண்டே இருக்கும் கூட்டத்தை அதில் பிடிப்பதற்கு அசாத்தியக் கை வேண்டியிருந்தது.

பாரிஸ், லண்டன், நியூயார்க் என்று குடியிருந்தாலும் கேமராவோடு திரும்பியது இந்தியாவுக்குத்தான். கல்கத்தா, ராஜஸ்தான், கேரளம், பம்பாய் வரிசையில் தமிழ்நாட்டுக்கும் தனி நூல் தந்தார். 1999-ல் நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தபோது வயது 56.

அவர் மறைவுக்குப் பின் 2002-ல் வெளிவந்த நூலில் அம்பாசடர் கார்தான் நாயகன். கதவும் ஜன்னலும் அவருக்குச் சட்டமாகிவிடுகின்றன. உள்ளே கார், வெளியே ஊர், இரண்டும் ஒரே படத்தில்.