டிரைவருக்கு எப்போது எஃப்.சி.?

விடிவதற்கு முன், சென்னையை அடுத்த ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால் கம்பெனி பஸ்களாகவே கண்ணில் படும். காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வருபவை பாதி, நைட் ஷிப்ட் முடித்தவர்களை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறவை மீதி. அந்த பஸ்ஸுக்கு எட்டு வயது தாண்டிவிட்டால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குக் காட்டியாக வேண்டும். ஓட்டுகிறவருக்கு ஐம்பத்தைந்து தாண்டினாலும் ஹெவி லைசென்ஸைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போனால் போதும். 2019 சட்டத் திருத்தத்துக்கு முன் இது மூன்று ஆண்டாக இருந்தது. இத்தனை வயதோடு ஓட்டுவதை நிறுத்து என்று மோட்டார் வாகனச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

   ஆனால் வயதான ஒருவர் எப்போது நிறுத்த வேண்டும் என்ற கேள்விக்கு விமானத் துறை அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடியிருக்கிறது. அந்த விடையில் தரையில் ஓடும் பஸ்ஸுக்கும் பாடம் இருக்கிறது.

பயணிகள் விமானத்தை ஓட்டுவோருக்கு 60தான் எல்லை என்று அமெரிக்கா 1959இல் முடிவெடுத்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2006 நவம்பரில் சர்வதேச எல்லையை 65 ஆக்கியது. அறுபதைத் தாண்டியவருடன் அமரும் மற்ற விமானி அறுபதுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் முதலில் இருந்தது. 2014இல் அதை நீக்கினார்கள். இந்தியாவிலும் 65தான் வரம்பு. அறுபதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. பலர் கவனிக்காத ஒரு வரி அதே விதியில் உண்டு: 65 என்பது இரண்டு பேர் ஓட்டும் விமானத்துக்கு மட்டும்தான். பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒருவரே ஓட்டினால் எல்லை இன்றும் 60தான்.

ஒரே மனிதர், ஒரே இதயம். பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தால் ஐந்து ஆண்டு கூடுதல். ஏன்?

இதற்குப் பின்னால் ‘ஒரு சதவீத விதி’ என்று விமான மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இருக்கிறது. 1980களில் பிரிட்டனின் இதய மருத்துவர்கள் கூடிப் பேசி உருவாக்கியது. ஒரு விமானி அடுத்த ஓராண்டில் திடீரென்று செயலிழந்துபோக நூற்றில் ஒரு வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டு என்பது 8,760 மணி; முழுசாகப் பத்தாயிரம் என்று கொண்டால், ஒரு மணி நேரத்துக்குப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு. பறக்கும் நேரத்தில் ஆபத்தான கட்டம் ஏறுவதும் இறங்குவதும்தான், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நடுவானில் ஒருவர் மயங்கினால் மற்றவருக்கு அவகாசம் இருக்கும். ஆகவே கோடியில் ஒன்று. அந்தக் கட்டத்திலேயே ஒருவர் சாய்ந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அடுத்தவர் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வார் என்று வைத்தால், நூறு கோடி மணிக்கு ஒரு விபத்து. இந்த அளவு அபாயத்தை ஏற்கலாம் என்றார்கள். நூற்றில் ஒன்றுக்குள் இருப்பவர் பறக்கலாம். அதைத் தாண்டினால் முப்பது வயதானாலும் இறங்கிவிட வேண்டும்.

வயதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதில் அர்த்தமில்லை என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 2023 ஆகஸ்டில் நாக்பூர் விமான நிலையத்தில் விமானம் ஏறப் போகும் முன் சுருண்டு விழுந்து இறந்த விமானிக்கு வயது 40. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 40 முதல் 69 வயது வரையுள்ள 118 விமானிகளை மூன்றாண்டு சிமுலேட்டரில் உட்கார வைத்துப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் மூத்தவர்களின் மதிப்பெண் குறைவுதான். ஆனால் ஆண்டு செல்லச்செல்ல அவர்களுடைய திறன் இளையவர்களைவிடக் குறைவாகவே சரிந்தது. உயர்நிலைப் பயிற்சி பெற்றவர்கள் இன்னும் நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். ஜே.ஆர்.டி. டாட்டா 1982இல், 78 வயதில், பழைய லெப்பர்ட் மாத் விமானத்தைக் கராச்சியிலிருந்து மும்பைக்குத் தாமே ஓட்டிவந்தார். பயணிகள் யாரையும் ஏற்றவில்லை என்பதால் வயது வரம்பு அவரைத் தொடவில்லை.

இப்போது அந்த ஒரு சதவீதக் கணக்கை ஒரகடம் வழியே போகும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலைக்குக் கொண்டுவாருங்கள். பஸ்ஸில் துணை டிரைவர் இல்லை. நூறால் வகுத்த படி போயிற்று. சாலையில் நடுவானம் கிடையாது, ஒவ்வொரு நொடியும் இறங்கும் நொடிதான். பத்தால் வகுத்ததும் போயிற்று. எஞ்சுவது மணிக்குப் பத்து லட்சத்தில் ஒன்று. ஆயிரம் பஸ்கள், நாளுக்கு மூன்று மணி, ஆண்டுக்கு 330 நாள் என்று உத்தேசமாகப் போட்டால் ஏறக்குறைய பத்து லட்சம் மணி வரும். அதாவது, விமானி அளவுக்கு உடல்நலம் உள்ளவர்களையே ஸ்டியரிங்கில் உட்கார வைத்தாலும் ஆண்டுக்கு ஒருவர் ஓடும் பஸ்ஸில் சாய்வார். பஸ் வானத்திலிருந்து விழாது, எல்லா மயக்கமும் உயிரிழப்பில் முடியாது என்பது உண்மை. ஆனால் நம் டிரைவர்களின் சுகரையும் பி.பி.யையும் அறுபது தாண்டிய விமானிக்குப் பார்ப்பதைப் போல ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாரும் பார்ப்பதில்லை.

மயக்கம் அரிது. கண் மங்குவது அன்றாடம். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்: பாவை சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. எதிரே வரும் கன்டெய்னர் லாரியின் ஹெட்லைட் கண்ணைக் கூச வைத்த பிறகு பார்வை திரும்பவும் கூடுதல் நேரமாகும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி தாமதம் என்றால் பஸ் எட்டு மீட்டர் போய்விடும். லைசென்ஸுக்காக டாக்டர் நிரப்பும் படிவம் 1-ஏ என்ன கேட்கிறது? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட்டைப் படிக்கிறாரா என்று. மாலைக்கண் உண்டா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. பதில் பெரும்பாலும் டிரைவர் வாயிலிருந்துதான் வரும். நைட் ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவருக்கு இந்தச் சோதனை எதற்கு உதவும்?

வெட்கப்பட வேண்டியது இன்னொன்று. தொழிற்சாலை கேட்டுக்கு உள்ளே கிரேனும் ஃபோர்க்லிஃப்ட்டும் ஓட்டுகிறவர்களுக்குக் கண் பரிசோதனை, 45 வயது வரை ஆண்டுக்கொருமுறை, அதன்பின் ஆறு மாதத்துக்கொருமுறை என்று பல மாநிலங்களின் தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. கேட்டுக்கு வெளியே ஐம்பது பேரை ஏற்றி வருகிறவர் கான்ட்ராக்டரின் ஆள். அந்தக் கணக்கில் வரமாட்டார்.

வயது வரம்பு போட்டால் தீராது. 62 வயதில் தெளிவாக ஓட்டுகிறவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குறட்டையால் இரவெல்லாம் மூச்சுத் திணறிப் பகலில் கண்செருகும் 44 வயதுக்காரரிடம் சாவியைக் கொடுப்போம். பரிசோதனை மட்டும் போட்டாலும் தீராது. வேலை போய்விடும் என்றால் யாராக இருந்தாலும் சுகரை மறைக்கத்தான் செய்வார்கள். விமானிகளுக்கு லைசென்ஸ் போனால் ஈடு தரும் காப்பீடு இருக்கிறது. டிரைவருக்கு அப்படி என்ன இருக்கிறது?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளில் டிரான்ஸ்போர்ட் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள். 45 தாண்டிய டிரைவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை கண், சுகர், பி.பி., ஈ.சி.ஜி., தூக்கப் பரிசோதனையைக் கம்பெனி டாக்டரே இலவசமாகச் செய்ய வேண்டும். தேறாதவருக்குச் சம்பளம் குறையாமல் பகல் டிரிப்போ டிப்போ வேலையோ தர வேண்டும்.