கண்புரைக்கு மல்டிஃபோகல் லென்ஸ்: யாருக்குப் பொருந்தும்?

கண்புரை அறுவையில் மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பைக்குள்ளேயே செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இதைத் தொடங்கிவைத்தவர் ஹரால்ட் ரிட்லி. போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பிளாஸ்டிக் சில்லுகள் புண்ணாக்காமல் அங்கேயே கிடந்ததைக் கண்டதுதான் அவருக்குத் தூண்டுதல்.

இளம் வயதில் இயற்கை லென்ஸ் உப்பியும் தட்டையாகியும் அருகையும் தொலைவையும் மாறி மாறிக் காட்டும். வெள்ளெழுத்து வரும் வயதில் அந்த நெகிழ்வு போய்விடுகிறது. வழக்கமான மோனோஃபோகல் லென்ஸ் அதை மீட்டுத் தருவதில்லை. பெரும்பாலும் தூரப் பார்வைக்கென்றே அதன் பவரைத் தேர்வதால், தெரு தெளிவாகத் தெரியும். செய்தித்தாள் படிக்கக் கண்ணாடி வேண்டும்.

மல்டிஃபோகல் லென்ஸும் நெகிழ்வைத் தருவதில்லை. அதன் பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வளையப் படிகள் உண்டு. உள்ளே வரும் ஒளியை இவை பிரித்து, ஒரு பங்கைத் தூரப் பார்வைக்கும் ஒரு பங்கைக் கிட்டப் பார்வைக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. ட்ரைஃபோகல் வகையில் கணினித் திரை இருக்கும் இடைத் தொலைவுக்கும் ஒரு பங்கு போகும். விழித்திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் பிம்பங்களில் வேண்டியதை மூளை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கலும் இங்கேதான். ஒரு சம்பளத்தை மூன்று வீடுகளுக்குப் பங்கிட்ட கதையாக, எந்தப் பிம்பத்துக்கும் முழு ஒளி கிடைப்பதில்லை. மங்கிய வெளிச்சத்தில் பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறைந்து தெரியும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தோன்றும். பலருக்குச் சில மாதங்களில் இது பழகிவிடுகிறது. சிலருக்குப் பழகுவதே இல்லை. இரவில் லாரியோ டாக்ஸியோ ஓட்டிப் பிழைப்பவர் இதை அறுவைக்கு முன்பே யோசிக்க வேண்டும்.

விழித்திரையின் மையப்பகுதி தேய்ந்தவர்கள், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், முற்றிய கண் அழுத்த நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர்கள் இந்த லென்ஸைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். ஏற்கெனவே குறைந்த பார்வையில் ஒளியையும் பிரித்தால் இழப்பே மிஞ்சும். கண் வறட்சி இருந்தால் அதை முதலில் சரிசெய்து, பிறகு அளவெடுப்பது நல்லது. மோனோஃபோகலில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு பவர் பிசகுகூட இதில் தொந்தரவு தரும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு அதையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் வகை உண்டு.

விலை கூடியது என்பதால் பார்வையும் கூடும் என்று குடும்பத்தார் நினைத்துக்கொள்வது இயல்பு. அது சரியல்ல. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமான ஆரோலேப் 1992 முதல் மலிவு விலையில் செயற்கை லென்ஸ் தயாரித்துவருகிறது. மலிவான மோனோஃபோகல் லென்ஸ் வைத்த கண்ணும் தொலைவைத் தெளிவாகவே காணும். மல்டிஃபோகலின் கூடுதல் விலை, கண்ணாடி இல்லாமல் இருக்கும் வசதிக்கு. கண்ணாடி போடுவதைச் சுமையாக நினைக்காதவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைக்கும் மோனோவிஷன் முறையும் இருக்கிறது. மோனோஃபோகல் லென்ஸே அதற்குப் போதும்.

வைத்த பின் ஒத்துக்கொள்ளாவிட்டால் லென்ஸை மாற்றலாம், ஆனால் அது இன்னோர் அறுவை. லென்ஸுக்குப் பின்னுள்ள சவ்வு மங்கும்போது அதில் லேசரால் திறப்பு உண்டாக்குவது வழக்கம். அப்படிச் செய்துவிட்டால் லென்ஸை மாற்றுவது இன்னும் கடினம். அதனால் பார்வைக் குறைக்குக் காரணம் சவ்வா, லென்ஸா என்பது தெளிவாகும்வரை லேசரைத் தள்ளிவைக்கிறார்கள்.