வைரஸ் அகன்றும் அகலாத ஈரல் புற்றுநோய்

நோயை உண்டாக்கிய கிருமியை உடலிலிருந்து அகற்றிவிட்டால் நோயும் அகன்றுவிடும் என்றே எவரும் எண்ணுவர். ஹெபடைடிஸ் சி வைரஸினால் ஈரல் புற்றுநோய்க்கு ஆளாகி, அதிலிருந்து தேறியவர்கள் விடயத்தில் இந்த எண்ணம் 2016ஆம் ஆண்டு பெரும் சோதனைக்குள்ளானது.

அவ்வாண்டு ஸ்பெயினின் பார்சலோனா நகர வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புற்றுநோய்க் கட்டி அகற்றப்பட்ட பின்னர் புதிய வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைப் பெற்ற 58 பேரில் 16 பேருக்கு, ஏறத்தாழ ஆறு மாதக் கண்காணிப்பிலேயே கட்டி மீண்டும் தோன்றியிருந்தது. இத்தாலியின் பொலோனியா நகரில் மேற்கொள்ளப்பட்ட ஆய்விலும் 59 பேரில் 17 பேருக்கு இவ்வாறே நேர்ந்தது. வைரஸைக் கொல்லும் மருந்தே புற்றுநோயைத் தட்டியெழுப்புகின்றதா என்ற அச்சம் உலகெங்கும் பரவியது.

இம்மருந்துகளின் வருகை சாதாரணமானதன்று. அதற்கு முன்னர் நோயாளிகள் 48 வாரங்கள் வரை இன்டர்பெரோன் ஊசியேற்றிக்கொண்டு, காய்ச்சலையும் மனச்சோர்வையும் தாங்க வேண்டியிருந்தது. அப்படியும் பரவலாகக் காணப்படும் வைரஸ் வகையில் பாதிப்பேரளவிலேயே குணமடைந்தனர். 2013ஆம் ஆண்டின் இறுதியில் சோபோஸ்புவிர் என்ற குளிசைக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது. அதனையும் அதன் வழிவந்த மருந்துகளையும் சேர்த்து 8 அல்லது 12 வாரங்கள் உட்கொண்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வைரஸிலிருந்து விடுபடுகின்றனர். தொடக்கத்தில் ஒரு குளிசையின் விலை 1,000 டொலர் என்பது வேறு கதை.

அச்சத்திற்கு ஒரு விளக்கமும் முன்வைக்கப்பட்டது. வைரஸுக்கு எதிராகப் பல ஆண்டுகளாக விழித்திருந்த நோயெதிர்ப்புச் சக்தி, வைரஸ் திடீரென மறைந்ததும் தளர்ந்துவிடுகின்றது. எஞ்சியிருந்த புற்றுக்கலங்கள் அந்த இடைவெளியில் வளர்கின்றன என்பதே அது. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் அவ்விரு ஆய்வுகளிலும், மருந்து பெறாத அதேவகை நோயாளிகள் ஒப்பிடப்படவில்லை. ஈரல் புற்றுநோய் இயல்பிலேயே திரும்பி வரும் நோயாகும். சத்திரசிகிச்சையால் கட்டியை அகற்றியவர்களிலும் ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பேருக்கு அது மீண்டும் ஏற்படுகின்றது. மேலும், இன்டர்பெரோன் ஓரளவு உறுதியான ஈரலுடையோருக்கே கொடுக்கப்பட்டது. புதிய மருந்துகளோ முதியோருக்கும், ஈரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நிலையை அடைந்தோருக்கும் கொடுக்கப்பட்டன. இரு தரப்பினரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புதிய மருந்தின் மீதே பழி விழும்.

அதே 2016இல் பிரான்ஸில் வெளியான, ஒப்பீட்டுடன் கூடிய ஆய்வில் ஆபத்து அதிகரித்தமைக்குச் சான்று கிடைக்கவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 31 நிலையங்களின் 793 நோயாளிகளை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட முடிவு மேலும் தெளிவானது. மருந்து பெற்றோரில் 42 சதவீதத்தினருக்கும், பெறாதோரில் 59 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் திரும்பியிருந்தது. ஏனைய வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோது, மருந்து கட்டியைத் தூண்டவுமில்லை, பெரிதாகத் தடுக்கவுமில்லை. ஆனால் அதே நோயாளிகளில் மருந்து பெற்றோரிடையே மரண ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. வைரஸ் நீங்கியதும் ஈரலின் செயற்பாடு தேறுகின்றது. கட்டி மீண்டும் தோன்றினாலும் அடுத்த சிகிச்சையைத் தாங்கும் வலு நோயாளிக்கு இருக்கின்றது.

முதற்செய்தி பரவிய வேகத்தில் இந்தத் திருத்தம் பரவவில்லை. பத்திரிகைத் துறையிலுள்ளோருக்கு இது புதியதன்று.

எனினும் பார்சலோனா வைத்தியர்களின் எச்சரிக்கையால் நன்மையும் விளைந்தது. கட்டிக்குச் சிகிச்சையளித்ததும் சில மாதங்கள் பொறுத்து, ஸ்கான் மூலம் கட்டி முற்றாக அழிந்தமையை உறுதிசெய்த பின்னர் வைரஸ் மருந்தைத் தொடங்கும் வழக்கம் வலுப்பெற்றது. 'வைரஸ் இல்லை' என்ற குருதிப் பரிசோதனை அறிக்கையுடன் வீடு திரும்பும் நோயாளி, தழும்பேறிய ஈரலையும் உடன் கொண்டு செல்கின்றார். புற்றுநோய் முளைப்பது அந்தத் தழும்பு நிலத்திலேயே. ஆகவேதான் சிரோசிஸ் உள்ளோர், வைரஸ் நீங்கிய பின்னரும் ஆறு மாதத்திற்கொரு தடவை அல்ட்ராசவுண்ட் ஸ்கான் செய்துகொள்ள வேண்டுமென வைத்தியர்கள் வலியுறுத்துகின்றனர். புற்றுநோய் ஏற்கனவே ஒரு தடவை வந்துபோனவர்களுக்கு இன்னும் நெருக்கமான கண்காணிப்பு அவசியமாகும். இரண்டு சென்றிமீற்றருக்குட்பட்ட கட்டியாகப் பிடிபட்டால் அதனை வெப்பத்தால் எரித்தே அழிக்க இயலும். வயிற்றுவலியும் மெலிவும் கண்ட பின்னர் வைத்தியசாலைக்கு வருவோருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் இருப்பதில்லை.